மகள் தீவிரவாதம் பற்றி ஆராய்ச்சி செய்ய ஆசைப்படுகிறாள், விடலாமா?

பாய், வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது "இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, மகள் காதில் விழாதபடி, "நம்ம பேரை வச்சுக்கிட்டு இதையெல்லாம் கம்ப்யூட்டர்ல தேடினா வீட்டுக்குப் போலீஸ் வராதா சார்?" என்றீர்கள். ராத்திரி முழுக்க அந்தக் கேள்வி என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2008-ல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஒரு முஸ்லிம் மாணவர், அல்-கொய்தாவின் பயிற்சிக் கையேட்டை ஆய்வுக்காகப் பதிவிறக்கி வைத்திருந்தார். அமெரிக்க அரசின் இணையதளத்திலேயே கிடைத்த ஆவணம் அது. அவரைக் கைது செய்து சில நாள் காவலில் வைத்துவிட்டு, வழக்கே போடாமல் விட்டார்கள். 2011-ல் போலீஸ் 20,000 பவுண்டு இழப்பீடு கொடுத்தது. பணம் வந்தது சரி, அந்த நாட்களை யார் திருப்பித் தருவது? நம் ஊரில் உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் ஜாமீன் வாங்குவதே பெரும்பாடு.

அதனால் உங்கள் மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வீட்டில் தனியாக உட்கார்ந்து, சொந்த செல்போனில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. பல்கலைக்கழகத்தில் பதிவு, கைடின் எழுத்துபூர்வ ஒப்புதல், ஆய்வால் யாருக்கும் தீங்கு வராதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி, இவை கையில் வந்த பிறகுதான் மற்றதெல்லாம். பொய்ப் பெயரில் டெலிகிராம் குழுக்களுக்குள் நுழைவது கூடவே கூடாது. பிரச்சார வீடியோவை யாருக்கும் அனுப்பவும் கூடாது.

இன்னொன்று, நல்ல ஆய்வுக்கு அந்த வீடியோக்கள் வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. மார்க் சேஜ்மன் என்ற மனநல மருத்துவர், வெளியில் கிடைத்த ஆவணங்களை வைத்தே 172 ஜிகாதிகளின் வாழ்க்கையை ஆராய்ந்து 2004-ல் புத்தகம் போட்டார். பெரும்பாலானோரை உள்ளே இழுத்தது நட்பும் உறவும்தான் என்று கண்டார். இதே விஷயத்தில் பிரான்ஸில் ஒலிவியே ருவா, ஜீல் கெப்பல் என்ற இரண்டு அறிஞர்களுக்குள் பெரிய வாதமே நடந்தது. கோபக்கார இளைஞர்கள் மதத்தைப் போர்த்திக்கொள்கிறார்கள் என்கிறார் முதலாமவர். இஸ்லாத்தின் ஆரம்ப காலத்துக்கே திரும்ப வேண்டும் என்னும் சலஃபிக் கருத்துகளே அவர்களை அங்கே கொண்டுபோகின்றன என்கிறார் மற்றவர்.

உங்கள் மகள் என்னிடம் கேட்டது இதுதான்: "ஒரே தெரு, ஒரே ஸ்கூல், ஒரே பள்ளிவாசல். ஒருத்தன் மட்டும் ஏன் சார் போறான், மத்தவங்க ஏன் போகல?" பாய், இந்தத் துறையின் மையக் கேள்வியே அதுதான். யாரும் சொல்லிக் கொடுக்காமல் மண்ணடியில் வளர்ந்த பெண் அங்கே வந்து நிற்கிறாள்.

2019 ஈஸ்டர் தினத்தில் இலங்கையில் 250-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற கும்பலின் தலைவர் காத்தான்குடி சஹ்ரான் பிரச்சாரம் செய்தது தமிழில். அவரைப் பற்றி முன்கூட்டியே அதிகாரிகளிடம் புகார் சொன்னவர்கள் அங்குள்ள முஸ்லிம்களேதான். இந்த இரண்டையும் மொழிபெயர்ப்பாளர் தயவில்லாமல் படித்து எழுத உங்கள் மகளைப் போன்றவர்கள் வேண்டும்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். வாய்ப்புகள் குறைவு, மறைக்க விரும்பவில்லை. கல்லூரி ஆசிரியர் பணி, டெல்லியில் சில ஆய்வு மையங்கள், சமூக ஊடக நிறுவனங்களின் பாதுகாப்புப் பிரிவு, அவ்வளவுதான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் உத்திசார் ஆய்வுத் துறை இருக்கிறது, குற்றவியல் துறையும் இருக்கிறது. மண்ணடியில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கிச் சேப்பாக்கம் போய்விடலாம். அங்கே எம்.ஏ. முடித்து, கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி மாணவர் தகுதியையும் வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. சிங்கப்பூர் நன்யாங், ஸ்காட்லாந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகங்களும் இத்துறையில் பெயர் பெற்றவை. ஆனால் அதற்காக இப்போது நகையை அடகு வைக்காதீர்கள், ஜே.ஆர்.எஃப். வரட்டும்.

அடுத்த சனிக்கிழமை மகளைக் கூட்டி வாருங்கள். பிளஸ் டூ மார்க் ஷீட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள், கணக்கில் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இந்த ஆய்வுக்குப் புள்ளியியல் இல்லாமல் முடியாது. அரபியை விட அதற்குத்தான் அவள் பயப்படுகிறாள்.