மழை நின்ற பிறகு வரும் வெள்ளம்: வாசகர் கேள்வி – பதில்

கே: ஃபெஞ்சல் புயல் சனிக்கிழமை இரவே கரையைக் கடந்துவிட்டது. எங்கள் ஊருக்குள் தென்பெண்ணைத் தண்ணீர் புகுந்ததோ திங்கட்கிழமைக்கு மேல்தான். இது என்ன கணக்கு? சாத்தனூர் அணையை முன்கூட்டியே திறந்திருந்தால் தப்பித்திருப்போமா?
– வாசகர், சோரியாங்குப்பம்

ப: ஊருக்குள் புகுந்தது உங்கள் ஊர் மழை இல்லை. 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 செ.மீ.க்கு மேல் கொட்டியது உண்மைதான். ஒரு சென்ட் மனைக்கு 19,000 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருவையும் வயலையும் அது முக்கிவிட்டது. ஆனால் புயல் அதோடு கரையவில்லை. வலுவிழந்து உள்ளே நகர்ந்து, கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது. அந்தப் பக்கத்துத் தண்ணீர் பாம்பாறு வழியாகச் சாத்தனூருக்கு மேலேயே தென்பெண்ணையில் சேர்ந்துவிடும்.

டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூரில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். அணையின் மொத்தக் கொள்ளளவு 7.3 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. 1.68 லட்சத்தை 3,600 விநாடியால் பெருக்கினால் மணிக்கு 60 கோடி கன அடி. அதாவது சொட்டுத் தண்ணீர் இல்லாமல் அணையைக் காய வைத்திருந்தாலும், அந்த வேகத்தில் தண்ணீர் வந்தால் 12 மணி நேரத்தில் நிரம்பி வழிந்திருக்கும். கொஞ்சம் முன்னதாகத் திறந்திருந்தால் உச்ச அளவு சற்றுக் குறைந்திருக்கலாம். ஊருக்குள் தண்ணீரே வந்திருக்காது என்று சொல்ல முடியாது. அடுத்த முறை கேட்டு வாங்க வேண்டியது நேரத்தை: எத்தனை மணிக்கு, எவ்வளவு திறந்தார்கள் என்ற தகவல் கொம்மந்தான்மேட்டுக்கும் குருவிநத்தத்துக்கும் அந்த மணியிலேயே வர வேண்டும். பெருவெள்ளம் சாத்தனூரிலிருந்து கடலூர் வந்து சேர ஒரு நாளுக்குள்தான் எடுக்கும். மாடு, மோட்டார், நெல் மூட்டை எல்லாவற்றையும் மேடேற்ற அந்த அவகாசம்தான்.

இன்னொன்று. அணை அறிவிப்பில் துரிஞ்சலாறு இருக்காது. அது அணைக்குக் கீழே வந்து சேருகிறது. அதனால் சாத்தனூர் அளவோடு நிற்காமல், திருக்கோவிலூர் அணைக்கட்டைத் தாண்டி எவ்வளவு போகிறது என்றும் கேளுங்கள். உங்களுக்கு வரப்போவது அந்த அளவுதான்.

கே: பரவனாற்றுக்கு மட்டும் ஏன் அப்படி அறிவிப்பு வருவதில்லை?
– வாசகி, கல்குணம்

ப: மேலே கதவு போட்ட பெரிய அணை எதுவும் இல்லையே! இது சிற்றாறு. நெய்வேலி, பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் மேட்டில் பெய்தால் ஓடைகள் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். 2015 நவம்பர் 9 அன்று நெய்வேலியில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. அன்று ஓடை வெள்ளம் விசூரையும் பெரியகாட்டுப்பாளையத்தையும் அடித்துக்கொண்டு போனது, உயிர்களும் போயின. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து இறைக்கும் தண்ணீரும் பரவனாற்றில் விழுகிறது, ஆகவே மழைக்கு முன்பே ஆற்றில் கொஞ்சம் இடம் போய்விடும். நெய்வேலியில் மழைமானி என்ன காட்டுகிறது என்பதுதான் உங்களுக்கு அறிவிப்பு. இரவு பெய்தால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

கே: குண்டு உப்பலவாடியில் மனை வாங்கியிருக்கிறோம். கடைக்கால் எவ்வளவு உயரம் எழுப்புவது? ‘ரோட்டிலிருந்து மூன்றடி’ என்கிறார் மேஸ்திரி.
– வாசகர், மஞ்சக்குப்பம்

ப: ரோட்டை அளவாகப் பிடிக்காதீர்கள். ரோடு ஒவ்வொரு முறை போடும்போதும் உயரும். 2024 வெள்ள மட்டத்தைப் பிடியுங்கள்.

அதே தெருவில் அப்போது இருந்த வீட்டுக்குப் போய்ச் சுவர்க் கறையைப் பாருங்கள். ஆனால் கறையின் மேல் விளிம்பை அப்படியே எடுத்துவிடக் கூடாது. செங்கல் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும், கறை நிஜ மட்டத்துக்கு மேலே நிற்கும். ஜன்னல் கம்பி, இரும்பு கேட், கண்ணாடி இவற்றில் வண்டல் கோடு இன்னும் இருந்தால் அது நம்பகம். இரண்டு மூன்று வீடுகளில் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். பிறகு டியூப் லெவலில் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாயில்) அந்த மட்டத்தை உங்கள் மனையில் அடித்த முளைக்கு மாற்றுங்கள். குழாயில் ஒரு காற்றுக் குமிழ் இருந்தாலும் மட்டம் தப்பாகக் காட்டும். தண்ணீர் நிரப்பியதும் இரு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, சமமாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டே தொடங்குங்கள். நாலு தெரு தள்ளி இருக்கும் வீட்டு மட்டம் உதவாது. ஓடும் வெள்ளத்துக்கும் சரிவு உண்டு.

கிடைத்த மட்டத்துக்கு மேல் ஒன்றரை அடி வைத்துத் தரை போடுங்கள். மீட்டர் பலகை, பிளக் பாயிண்ட் அதற்கும் மேலே. செப்டிக் டேங்க் வெளியேறும் குழாயில் ஒருவழி வால்வு போடாவிட்டால், வாசலில் வராத தண்ணீர் கக்கூஸ் வழியாக வரும். மண்ணடித்து மேடாக்கும்போது பக்கத்து மனைக்காரரின் தண்ணீர் போகும் வழியை அடைத்துவிடாதீர்கள். வழக்கு அங்கேதான் ஆரம்பிக்கும்.

கே: வெள்ளத்தில் முங்கிய உறைக்கிணற்றை எப்படிச் சுத்தம் செய்வது?
– வாசகி, பாகூர்

ப: முதலில் இறைத்துச் சேற்றை எடுங்கள். சுற்றி வெள்ளம் வடியும் முன் ஒரேயடியாக வற்ற இறைத்தால், வெளித் தண்ணீரின் அழுத்தத்தில் உறை நகர்ந்துவிடும்; வடியட்டும். புதுத் தண்ணீர் ஊறியதும் அளவு கணக்கிடுங்கள்: விட்டம் × விட்டம் × நீரின் ஆழம் × 0.785, எல்லாம் அடியில். வந்த கன அடியை 28.3 ஆல் பெருக்கினால் லிட்டர். நாலடி விட்டம், பத்தடி தண்ணீர் என்றால் சுமார் 3,550 லிட்டர்.

ஆயிரம் லிட்டருக்கு 5 கிராம் பிளீச்சிங் பவுடர். இந்தக் கிணற்றுக்கு 18 கிராம். வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு வேண்டாம், தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றிக் கிணற்றில் இறக்கி, நீருக்குள் மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒரு மணி நேரமாவது விடுங்கள்; இரவு போட்டுக் காலையில் எடுப்பது சௌகரியம். பவுடர் புதுப் பாக்கெட்டாக இருக்கட்டும். பரணில் கட்டியாகிக் கிடக்கும் போன வருஷத்துப் பவுடரில் குளோரின் போய்ச் சுண்ணாம்புதான் மிச்சம். குடிக்கும் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்தே குடியுங்கள், இதைச் செய்த பிறகும்.