கால் ஊனறதும் கை ஊனறதும்: ட்ரையல்ஸ் ஓட்டறவங்க கேள்வி பதில்

ட்ரையல்ஸ்னா பாறை பள்ளத்துல காலு ஊனாம மெல்ல வண்டி ஓட்டற போட்டி. இந்தத் தடவ கேள்வி நிறைய வந்துருக்குதுங்க. வாளையார்ல ஆரம்பிச்சு கோவிந்தாபுரம் வரைக்கும், தமிழ்நாடு கேரளா பார்டருக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ரெண்டும். பாதிப்பேரு யமஹா ஆர்எக்ஸ் வண்டில சீட்டக் கழட்டிட்டுப் பாறையேறறவங்க, கொஞ்சப்பேரு ஹீரோ எக்ஸ்பல்ஸ், நெஜ ட்ரையல்ஸ் வண்டி வெச்சிருக்கறவங்க ரெண்டே பேரு. உடம்பு எல்லாத்துக்கும் ஒண்ணுதான், அதனால சேத்தே பதில் சொல்லீர்றேன். போன தடவ சொன்னதையே திருப்பிக் கேட்டவங்களுக்கு இடமில்ல.

வேலந்தாவளம்: அரை மணி நேரம் பாறைல ஓட்டினா முன்னங்கை கல்லாட்டம் ஆயிருது, கிளட்ச் விரல் விரியறதேயில்ல. நரம்புத் தளர்ச்சியாங்க?

நரம்புத் தளர்ச்சியுமில்ல ஒண்ணுமில்ல, ஆர்ம் பம்ப். முன்னங்கைச் சதையச் சுத்தி ஒரு உறை இருக்குது, அது லேசுல விரியாது. இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க உள்ள சதை வீங்கும், உறை விடாது, அழுத்தம் ஏறி கடைசில அந்தச் சதைக்கே ரத்தம் பத்தாமப் போயிரும். மொதல்ல லீவரப் பாருங்க. எந்திரிச்சு நின்னு ஓட்டற நெலமைல முழங்கைல இருந்து விரல் வரைக்கும் ஒரே கோடா வரணும், மணிக்கட்டு மடங்கக் கூடாது. கிளட்சுக்கு ஒத்த விரல் போதும், லீவர உள்ளாற தள்ளி வெச்சு நுனியில இழுங்க. ஆர்எக்ஸ்னா பாதி வியாதி காஞ்சு போன கிளட்ச் கேபிள்தான், அத மாத்திட்டு அப்புறம் டாக்டரப் பாக்கலாம். லீவர் கிளாம்ப் போல்ட்ட உயிர் போற மாதிரி முறுக்காதீங்க, விழுந்தா லீவர் சுத்திக்கற அளவுக்கு விட்டு வைங்க, லீவரும் மிஞ்சும் விரலும் மிஞ்சும்.

அப்புறம் காத்து. நெஜ ட்ரையல்ஸ் டயர்ல பின்னாடி நாலஞ்சு பிஎஸ்ஐதான் இருக்கும். நீங்க ரோட்டுக்கு வெச்ச 28லயே பாறைல ஏறினா ஒவ்வொரு கல்லும் கைக்குத்தான் வரும். அதுக்காக சாதா டயர்ல அஞ்சுக்கு எறக்கீராதீங்க, டயர் ரிம்ல நழுவி ட்யூப் வால்வு பிச்சுக்கும். பத்துப் பன்னண்டோட நிறுத்துங்க, வீட்டுக்குக் கெளம்பறப்ப திருப்பி அடிச்சுக்குங்க. இவ்வளவும் பண்ணி மூணு மாசம் ஆகியும் கை அப்பிடியே இருந்தா ஆர்த்தோகிட்டப் போங்க. உறையக் கீறி விடற ஆபரேசன் இருக்குது, ஆனா அது கடைசி.

எருத்தேம்பதி: கை வலிக்குது. என்ன பண்ணலாம்?

எந்தக் கை, எந்த எடம், எத்தன நாளா, விழுந்தீங்களா விழுகலையா? ஒத்த வரி எழுதிட்டு ஜோசியம் கேக்கற மாதிரி கேட்டா நான் என்னத்தச் சொல்ல.

கொழிஞ்சாம்பாறை: வயசு 52, சுகர் இருக்குது. ட்ரையல்ஸ் ஸ்பீடு கம்மிதானேன்னு ஆரம்பிக்கலாம்னு இருக்கறேன். ஆகுமா?

தாராளமா ஆரம்பிங்க, நடக்கற வேகத்துல ஓட்டற விளையாட்டுங்க இது, சீமைல அறுபது தாண்டினவங்கெல்லாம் ஞாயித்துக்கெழமையானா ஓட்டறாங்க. ஆனா ஸ்பீடு கம்மின்னா அடி கம்மின்னு கணக்குப் போடாதீங்க. ஒசரத்துல இருந்து பாறை மேல நின்ன வாக்குல விழுகறதுக்கு ஸ்பீடே வேண்டியதில்ல. சுகர்காரங்களுக்கு தோள் இறுகிக்கறது, விரல் மடங்கி மாட்டிக்கறது, மணிக்கட்டு நரம்பு அமுங்கி கை மரத்துப் போறது இதெல்லாம் மத்தவங்கள விட சாஸ்தியா வரும், புண்ணு ஆறறதும் லேட்டு. பூட்சக் கழட்டினதும் காலத் திருப்பி அடிப்பாதத்தப் பாருங்க. வண்டியத் தனியாத் தூக்காதீங்க.

முதலமடை: மூணு வாரம் முன்னாடி மாந்தோப்பு ஓடைல கை ஊனி விழுந்துட்டேன். ஒரு எக்ஸ்ரே எடுத்ததுல ஒண்ணுமில்லன்னுட்டாங்க. சுளுக்குன்னு எண்ணெய் போட்டுத் தடவி கட்டு போட்டாங்க, நீரு வத்திருச்சு. ஆக்சிலேட்டர் திருகறப்ப மட்டும் கட்டை விரல் பக்கம் வலிக்குது. எத்தன நாள்ல சரியாகும்?

இத எழுதி எழுதி எனக்குக் கை தேஞ்சு போச்சுங்க, ஆனா திருப்பியும் எழுதறேன், ஏன்னா இதுல நானே ஏமாந்தவன்.

இப்பவே கட்டை விரல மேல தூக்குங்க, பஸ்சுக்குக் கை காட்டற மாதிரி. விரலோட அடியில, மணிக்கட்டுக்குப் பக்கத்துல ரெண்டு நரம்பு பொடச்சுகிட்டு நடுவுல ஒரு குழி விழுகும். எங்க அப்பிச்சி மூக்குப்பொடிய அந்தக் குழியில வெச்சுத்தான் இழுப்பாரு. இன்னொரு கை விரலால அந்தக் குழியில அமுத்துங்க. உயிர் போற மாதிரி வலிச்சா அது சுளுக்கில்ல, ஸ்கேஃபாய்டு உடைஞ்சிருக்குதுன்னே வெச்சுக்கணும், இல்லைன்னு படத்துல காட்டற வரைக்கும். படகாட்டம் இருக்கற சின்ன எலும்பு, ஒரு முந்திரிக்கொட்டை சைசுதான் இருக்கும். அதுக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையில இருந்துதான் உள்ள போகுது, அதனால நடுவுல உடைஞ்சா மேல்துண்டுக்கு ரத்தம் கட்டாயிரும். ரத்தம் போகலைன்னா ஒட்டாது, ஒட்டாத துண்டு மெல்லச் செத்துப் போகும்.

இதுல கொடுமை என்னன்னா விழுந்த அன்னிக்கு எடுக்கற எக்ஸ்ரேல இது பல பேருக்குத் தெரியவே தெரியாது. அஞ்சுல ஒண்ணு தப்பிரும்னு வெச்சுக்குங்க. அதனாலதான் குழியில வலி இருந்தா, எக்ஸ்ரே சுத்தமா இருந்தாலும் கட்டை விரலோட சேத்து ஆடாமக் கட்டி வெச்சு, பத்துப் பதினாலு நாள் கழிச்சு ரெண்டாவது எக்ஸ்ரே எடுக்கறது. இல்லைன்னா நேரா எம்ஆர்ஐ. ரெண்டாவது எக்ஸ்ரே! இத எந்தப் பயலும் எடுக்கறதில்ல. நீரு வத்திருச்சு, வலி பாதியாயிருச்சு, அப்புறம் எதுக்கு இன்னொரு எக்ஸ்ரே செலவுன்னு விட்டர்றது. நீரு வத்தறதுக்கும் எலும்பு ஒட்டறதுக்கும் சம்பந்தமே கிடையாதுங்க.

எனக்கு இது 2007ல. மூடிப்போன ஒரு கல்லுக்குழியில நாலடி திட்டு ஏறப் போய், முன் வீல் மேல போயிருச்சு, பின் வீல் வழுக்கிருச்சு, நான் பின்னாடி கை ஊனி உக்காந்தேன். அவ்வளவுதான், கூட இருந்தவன் சிரிச்சான், நானும் சிரிச்சேன். பார்த்த எடத்துல சுளுக்குன்னாங்க, கிரேப் பேண்டேஜ் சுத்தினாங்க, அப்புறம் ஊருல தெரிஞ்ச ஒருத்தரு பத்து நாள் எண்ணெய் போட்டு நீவி சொடக்கு எடுத்தாரு. ஒவ்வொரு சொடக்குக்கும் அந்த ஒடஞ்ச துண்டு ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒரசிகிட்டு இருந்திருக்குது, எனக்குத் தெரியல அவருக்கும் தெரியல. அஞ்சு மாசம் கழிச்சு குடத்தத் தூக்க முடியலைன்னு போனப்பதான் ரெண்டு துண்டும் தனித்தனியா நிக்கறது படத்துல தெரிஞ்சுது. இடுப்பெலும்புல கொஞ்சம் வழிச்சு எடுத்து நடுவுல வெச்சு ஸ்க்ரூ போட்டாங்க. நாலு மாசம் சம்பாத்தியமில்ல. இன்னைக்கும் என் வலது கை பின்னாடி பாதிதான் மடங்கும், தரைல கை ஊனி எந்திரிக்கணும்னா விரல மடக்கி முஷ்டியாத்தான் ஊனோணும். இத அப்பிடியே விட்டவங்களுக்கு பத்துப் பாஞ்சு வருசத்துல மணிக்கட்டு மூட்டே தேஞ்சு போகும்.

நான் எண்ணெய்க்கும் உழிச்சலுக்கும் விரோதியில்ல, பாலக்காட்டுப் பக்கம் இருந்துகிட்டு அப்படிச் சொன்னா வீட்டுலயே சோறு போட மாட்டாங்க. முதுகுச் சதை புடிச்சிருச்சா, போய் உழிஞ்சுக்குங்க. ஆனா கை ஊனி விழுந்த மணிக்கட்ட, எலும்பு உடையலைன்னு உறுதியாகற வரைக்கும் எவனும் தொடக் கூடாது.

நீங்க நாளைக்கே போங்க. மூணு வாரம்னா இன்னும் கெட்டுப் போகல. உடைஞ்சிருந்தா ரெண்டு மூணு மாசம் கட்டு, எடத்தப் பொறுத்து ஸ்க்ரூ. பீடி சிகரெட் இருந்தா இன்னைக்கே நிறுத்துங்க, புகை இந்த எலும்ப ஒட்ட விடாது.

கோபாலபுரம்: முட்டிக்குப் போடற நீ பிரேஸ் எது வாங்கலாம்? பிராண்டு சொல்லுங்க.

மொதல்ல ஒழுங்கான பூட்ஸ் வாங்குங்க. கேன்வாஸ் ஷூ போட்டுட்டு முட்டிக்கு இருபதாயிரம் செலவு பண்றவங்கள நான் நிறையப் பாத்துட்டேன்.

மீனாட்சிபுரம்: காலு ஊனறப்ப முட்டியில பட்டுனு சத்தம் கேட்டுது. ராத்திரிக்குள்ள பூசணிக்காயாட்டம் வீங்கிருச்சு. இப்ப ஒரு மாசம், நடக்கறேன். படி எறங்கறப்ப முட்டி வழுகற மாதிரி இருக்குது.

சத்தம், அன்னிக்கே வீக்கம், இப்ப வழுகறது. மூணும் சேந்தா பெரும்பாலும் முட்டிக்குள்ள ரெண்டு எலும்பையும் புடிச்சிருக்கற ஏசிஎல் லிகமெண்ட் கிழிஞ்சதாத்தான் இருக்கும், டாக்டர் கையால ஆட்டிப் பாத்தே பாதி சொல்லீருவாரு, எம்ஆர்ஐ எடுத்து முடிவு பண்ணிக்குங்க. மறுநாள் மெல்ல வீங்கியிருந்தா எலும்புக்கு நடுவுல மெத்தையாட்டம் இருக்கற ஜவ்வா (மெனிஸ்கஸ்) இருக்கும்னு சொல்லியிருப்பேன். நடக்க முடியுதேன்னு ஓட்டப் போயிராதீங்க, ஒவ்வொரு தடவ வழுகறப்பவும் உள்ள ஜவ்வு கிழியும், அப்புறம் நாப்பத்தஞ்சு வயசுலயே முட்டி தேய்மானம்.

இது ஏன் வருதுன்னா, போட்டில செக்சன்னு குறிச்சு விட்ட தடத்துல ஒரு தடவ காலு ஊனினா ஒரு மார்க்கு அபராதம், விழுந்தாலோ நின்னாலோ அஞ்சு. அந்த ஒத்த மார்க்கக் காப்பாத்தறதுக்கு நம்மாளு கடைசி நொடி வரைக்கும் ஊனாம இழுப்பான், வண்டி பாதி சாஞ்சதுக்கப்புறம் காலை விறைப்பா நீட்டி ஊனுவான், பாதம் ரெண்டு கல்லுக்கு நடுவுல மாட்டும், உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. ஊனறதுன்னா சீக்கிரம் ஊனுங்க, முட்டிய மடக்கி ஊனுங்க. நேரங் கடந்துருச்சா, வண்டிய விட்டுட்டுப் பின்னாடி எறங்கிருங்க. வண்டிக்கு வெல்டிங் பட்டறை இருக்குது. பெரிய ட்ரையல்ஸ் வண்டிய உதைக்கறப்பவும் முட்டிய நேரா லாக் பண்ணி உதைக்காதீங்க, எஞ்சின் திருப்பி உதைச்சா நேரா முட்டிக்குத்தான் வரும்.

ஆனைமலை: எல்-ஃபோர் எல்-ஃபைவ் டிஸ்க் பிதுங்கியிருக்குது. நின்னுகிட்டு ஓட்டினா முதுகு இன்னும் கெடுமா?

நின்னு ஓட்டறது உக்காந்து குலுங்கறத விட நல்லதுங்க, குலுக்கல காலு வாங்கிக்கும். உங்க முதுகக் கெடுக்கறது ஓட்டறதில்ல, தூக்கறது. ட்ரையல்ஸ் வண்டி எழுபது கிலோ, எக்ஸ்பல்ஸ் நூத்தியறுபதுக்குக் கிட்ட, அதப் பள்ளத்துல இருந்து குனிஞ்சு, ஒரு பக்கமாத் திரும்பி, வெக்கத்துல அவசர அவசரமாத் தூக்கறோம் பாருங்க, அங்கதான் டிஸ்க் போகுது. வண்டியத் தனியாத் தூக்காதீங்க. ஆளு வர்ற வரைக்கும் பெட்ரோல் டேப்ப மூடிட்டு உக்காந்துருங்க. கால் மரத்துப் போறதோட ஒண்ணுக்குப் போறதுல மாத்தம் தெரிஞ்சாலோ, உக்கார்ற எடம் மரத்தாலோ அன்னிக்கு ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரி, விடியட்டும்னு பாக்கக் கூடாது.

சித்தூர்: ஓட்டி முடிச்சுட்டு கள்ளு குடிச்சா உடம்பு வலி போகும்கறாங்களே?

வலி போகாது, வலி தெரியாது. மொதல்ல தண்ணி குடிங்க. நம்ம பாலக்காட்டுக் கணவாய்க் காத்துல வேர்வை உடனே காஞ்சிரும், எத்தன லிட்டர் போச்சுன்னே தெரியாது.

பொள்ளாச்சி: ஓட்டறதுக்கு முன்னாடியே ஒரு வலி மாத்திரை போட்டுக்கறேன், நாள் பூரா ஓட்டலாம். தப்பா?

தப்பு. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் எல்லாம் தண்ணி வத்தின உடம்புல கிட்னியப் பதம் பாக்கும். இன்னொண்ணு, வலிதான் உங்களுக்கு பிரேக்கு. அதயும் கழட்டிட்டு எறங்கினா எப்படி?

வடகரப்பதி: சுண்டு விரலும் பக்கத்து விரலும் மரத்துப் போகுது.

உள்ளங்கைல சுண்டு விரல் பக்க மேட்டுல நரம்பு அமுங்குது. கிரிப்ப மாத்துங்க, உடம்பு பாரத்தக் கைல போடாம காலு வெக்கற ஃபுட்பெக்ல போடுங்க. ரெண்டு வாரம் விட்டும் போகலைன்னா காட்டுங்க. கட்டை விரலும் நடு விரலும் மரத்தா அது வேற நரம்பு, ராத்திரில தூக்கம் கெடும், அதையும் காட்டோணும்.

வாளையார்: பையனுக்கு 14. ட்ரையல்ஸ் ஓட்டற டூகி லாம்ப்கின் ஒத்த வீல்லயே அறுபது கிலோமீட்டர் போன வீடியோவப் பாத்துட்டு தெனமும் தோட்டத்துல வீலிங் பழகறான். எலும்பு வளர்ற வயசுல ஆகுமா?

2016ல ஐல் ஆஃப் மேன் தீவுல போனாருங்க அவரு. அதுக்கு முன்னாடி ட்ரையல்ஸ்ல பன்னண்டு தடவ உலக சாம்பியன், அதயும் பையன்கிட்டச் சொல்லுங்க. வளர்ற எலும்போட முனைல குருத்துத் தட்டு இருக்கும், பதினாறு பதினேழு வரைக்கும் மூடாது, அங்க அடிபட்டா எலும்பு கோணலா வளரலாம். அதனால பசங்க மணிக்கட்டு வலின்னா சுளுக்குன்னு விடாதீங்க, எக்ஸ்ரே, ரெண்டு வாரம் கழிச்சு இன்னொண்ணு. வீலிங்க விட்டுட்டு ஒரு மாசம் எஞ்சின ஆஃப் பண்ணி வண்டி மேல நின்னு பேலன்ஸ் பழகச் சொல்லுங்க, போரடிக்கும், ஆனா அங்கதான் ட்ரையல்ஸே இருக்குது. ஹெல்மெட் ஒரு தடவ நல்லா அடிச்சிருச்சுன்னா தூக்கிப் போட்ருங்க. தலை சுத்தல், வாந்தி, பேச்சு மாறினா மறுபடி ஏத்தாதீங்க, டாக்டர் சொல்ற வரைக்கும்.

தோட்டத்துக்குள்ள ஓட்டட்டும், ரோட்டுக்கு விடாதீங்க, கியர் வண்டி லைசென்சுக்கு பதினெட்டாகணும்.

கோவிந்தாபுரம்: எனக்கும் மணிக்கட்டுல ஸ்க்ரூ போட்ருக்குது. எடுக்கணுமா? குளிருக்கு வலிக்குமா?

தொந்தரவு குடுக்காத வரைக்கும் எடுக்க வேண்டியதில்ல, எலும்புக்குள்ள பொதைஞ்சுதான் இருக்கும். என்னோடது உள்ளயேதான் இருக்குது. மார்கழில காலைல டம்ளர் புடிக்கறப்ப லேசாச் சுருக்குங்கும், காபி உள்ள போனா மறந்துரும்.