அம்பாசடரில் வால்பாறை: கேள்வி பதில்

பழைய பெட்ரோல் அம்பாசடர் (1489 சிசி) வைத்திருப்பவர்கள் கேட்கலாம். டீசலும் இசுசு எஞ்சினும் என் ஏரியா இல்லை.

சேலம்: சார், மேடு ஏறினா சூடாகுது. மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிடலாம்கிறார்.

வேண்டாம். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கிற வால்வு அது. அது இல்லாமல் ஓட்டினால் சமவெளியில் எஞ்சினுக்குத் தேவையான சூடு ஏறாது; எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் கலக்கும். எஞ்சின் நன்றாகச் சூடானதும் நிறுத்துங்கள். பேன் நின்றபின் ரேடியேட்டரின் முகத்துக்கு அருகே உள்ளங்கையை நகர்த்துங்கள். எங்காவது ஜில்லென்று ஒரு திட்டு தெரிந்தால் அந்த இடத்துக் குழாய்கள் அடைத்திருக்கின்றன. பேன் பெல்ட் நடுவில் அழுத்தினால் அரை அங்குலம் இறங்கணும், அதற்கு மேல் கூடாது. ரேடியேட்டர் கேப்பின் ரப்பரையும் இக்னிஷன் டைமிங்கையும் பாருங்கள். தெர்மோஸ்டாட் மேல் சந்தேகம் இருந்தால் நூலில் கட்டி, காய்கிற தண்ணீரில் தொங்கவிடுங்கள். அதில் பொறித்திருக்கிற டிகிரி வாக்கில் வாயைத் திறக்கும். திறக்காவிட்டால் புதிது.

திண்டுக்கல்: நாலு வீலும் டிரம் பிரேக். வால்பாறை தாங்குமா?

ஏறும்போது தாங்காவிட்டால் ஓரமாக நிறுத்தலாம். ஆழியாறு பக்கம் இறங்கும்போது 40 கொண்டை ஊசி வளைவு. அங்கே நிறுத்தவே பிரேக்தான் வேண்டும். பிரேக் ஆயில் பழசானால் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். புது டாட் 3 (பிரேக் ஆயில் ரகம்) கொதிக்க 205 டிகிரி. ஈரம் ஏறியதற்கு 140 போதும். டிரம் சூட்டில் வீல் சிலிண்டருக்குள் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரைக்குப் போகும். இரண்டு வருடம் ஆகியிருந்தால் முழுதும் மாற்றுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான இடது பின் வீலில் பிளீடிங் (லைனில் இருக்கும் காற்றை வெளியேற்றுவது) ஆரம்பித்து, வலது பின், இடது முன், வலது முன் என்று வாருங்கள்.

நாலு டிரம்மையும் கழற்றி வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் லேசாக விலக்குங்கள். உள்ளே ஈரம் கசிந்தால் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் போயிற்று. பழைய வண்டியில் ஒரே சர்க்யூட்: ஒரு வீலில் ஒழுகினால் நாலுக்கும் பிரேக் இல்லை. லைனிங்கில் கிரீஸோ ஆயிலோ ஊறியிருந்தால் மணல்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், மாற்றுங்கள். பின் வீல் என்றால் ஆயில் சீலையும் சேர்த்து.

இறங்கும்போது இரண்டாவது கியர், தேவைப்பட்டால் முதல். பிரேக் மேலேயே காலை வைத்துக்கொண்டு வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து விட்டுவிடணும். நியூட்ரலில் உருட்டிப் பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர்கள் இந்தப் பதிலை இன்னொரு தடவை படிக்கவும்.

மதுரை: தெர்மோஸ்டாட்டை எடுத்துட்டா மைலேஜ் கூடுமா?

குறையும். சேலத்துக்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

கோவை: டிராபிக்கில் நின்னா திரும்ப ஸ்டார்ட் ஆகல. ஏசி பம்ப் (பெட்ரோல் பம்ப்) மேல ஈரத்துணி போட்டா ஆகுது.

ஏர் லாக். இந்த எஞ்சினில் கார்புரேட்டரும் சைலன்சர் மேனிபோல்டும் ஒரே பக்கம். நிறுத்தியதும் சூடு மேலே ஏறி பெட்ரோலை ஆவியாக்கும். பெட்ரோல் லைன் மேனிபோல்டை ஒட்டி ஓடினால் தள்ளி வளையுங்கள். இடையில் இருக்கவேண்டிய தகடு காணாமல் போயிருந்தால் திரும்பப் போடுங்கள்.

இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயாபிரமும் ஊறி விரிசல் விடும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள், சைக்கிள் கடை டியூப் வேண்டாம். அது ஒழுகுகிற இடம் சூடான மேனிபோல்டுக்கு மேலே. டேங்கின் பழைய படிவும் கரைந்து வரும். பில்டர் இரண்டு உபரி வையுங்கள்.

திருச்சி: துணியெல்லாம் எதுக்கு அண்ணே, எலக்ட்ரிக் பம்ப் மாட்டினா முடிஞ்சுதே!

டேங்க் பக்கத்தில் மாட்டினால் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டு வரும், ஏர் லாக் குறையும், அதுவரை சரி. ஆனால் இந்தக் கார்புரேட்டருக்கு 3 பிஎஸ்ஐ போதும்.

திருச்சி: இன்ஜெக்ஷன் கார் பம்ப் ஒண்ணு சும்மா கிடக்கே?

தம்பி, அது 40 பிஎஸ்ஐக்கு மேல் தள்ளும். கார்புரேட்டரில் பெட்ரோலை நிறுத்தவேண்டிய மிதவை ஊசி அடைக்கவே அடைக்காது. பெட்ரோல் வழிந்து மேனிபோல்டில் விழும். குறைந்த அழுத்த பம்ப்தான் வேண்டும். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்க ஆயில் பிரஷர் சுவிட்ச் வழியாக வயரிங் செய்யுங்கள்.

நாமக்கல்: தெர்மோஸ்டாட்...

மேலே.

விழுப்புரம்: ஆர்சி 15 வருஷம் தாண்டிடுச்சு.

ஆர்டிஓவில் புதுப்பித்துவிட்டுக் கிளம்புங்கள். மற்றது அவர்கள் வேலை.

ஈரோடு: டயர் பட்டன் நல்லா இருக்கு. என்னென்ன உபரி எடுத்துக்கணும்?

பட்டனைப் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2316 என்றால் 2016-ன் 23-ஆவது வாரம். அது வீட்டிலேயே இருக்கட்டும். ஸ்டெப்னிக்கும் இதேதான்.

உபரி: பேன் பெல்ட், மேல் கீழ் ரேடியேட்டர் ஹோஸ், பிளாட்டினம் செட் (டிஸ்ட்ரிபியூட்டரின் காண்டாக்ட் பாயிண்ட்), ரோட்டார், பம்ப் டயாபிரம் கிட், பிரேக் ஆயில் அரை லிட்டர், தண்ணீர் 5 லிட்டர். டிஸ்ட்ரிபியூட்டர் கண்டன்சர் இரண்டு, சூடானதும் மிஸ்ஸாகி, ஆறினதும் நன்றாக ஓடினால் அதைத்தான் முதலில் மாற்றணும். பீலர் கேஜ் மறக்காதீர்கள்: பிளாட்டினம் இடைவெளி 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), பிளக் 25.