பிரஷர் மாத்திரையும் மாலைநேரக் கால் வீக்கமும்

கேள்வி: எனக்கு 58 வயது. இரத்த அழுத்தத்துக்காகச் சாப்பிட்டு வந்த அம்லோடிபின் மாத்திரையை நான்கு மாதங்களுக்கு முன் 5 மி.கி.யிலிருந்து 10 மி.கி.யாகக் கூட்டினார்கள். இப்போது மாலையானால் இரண்டு கணுக்காலும் வீங்கிச் செருப்பு இறுகுகிறது. காலையில் பெரும்பாலும் வடிந்துவிடுகிறது. கிரியாட்டினின், சிறுநீர்ப் புரதம், ஆல்புமின், எக்கோ எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனாலும் சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். நீர் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். பரிசோதனைகள் சரியாக இருப்பதையும், மருந்தின் அளவு கூடிய பிறகே வீக்கம் வந்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் உடலில் நீர் மிகுந்துவிட்டதாகத் தெரியவில்லை. இருக்கும் நீரில் ஒரு பகுதி நுண்குழாய்களிலிருந்து கசிந்து கணுக்காலில் தேங்குகிறது என்றே கருதுகிறேன்.

தமனி கிளைத்துக் கிளைத்து நுண்தமனியாகி, அதிலிருந்து தந்துகிகள் எனப்படும் நுண்குழாய்கள் பிரிகின்றன. அவை மறுபடியும் கூடி நுண்சிரையாகின்றன. தந்துகியின் சுவர் ஒரே ஒரு செல் அடுக்கால் ஆனது. அதன் உள்விட்டம் சிவப்பணுவின் அகலத்தை ஒட்டியே இருப்பதால், அணுக்கள் சற்று வளைந்து, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அதற்குள் நகர முடியும். ஆக்சிஜனும் குளுக்கோஸும் திசுவுக்குப் போய்ச் சேர்வது இந்த இடத்தில்தான். பெரிய குழாய்கள் இரத்தத்தை இங்கே கொண்டுவந்து சேர்ப்பதோடு சரி.

இவ்வளவு மெல்லிய சுவர் இதயத்தின் முழு அழுத்தத்தைத் தாங்காது. அந்த அழுத்தத்தைத் தணித்து அனுப்புவது நுண்தமனியின் தசைச் சுவர். பெருந்தமனியில் 120 மி.மீ. பாதரசமாக இருக்கும் அழுத்தம், தந்துகியின் தொடக்கத்தில் ஏறத்தாழ 35 ஆகவும் முடிவில் 15 ஆகவும் இறங்கிவிடுகிறது. இரத்தத்திலுள்ள ஆல்புமின் முதலிய புரதங்கள் சுமார் 25 என்ற அளவில் நீரை உள்ளே பிடித்து நிறுத்துகின்றன. இந்த இழுபறியை 1896இல் விளக்கியவர் ஆங்கிலேய உடலியலாளர் எர்னஸ்ட் ஸ்டார்லிங். வெளியேறும் நீரில் பெரும்பகுதி தந்துகியின் மறுமுனையிலேயே திரும்பிவிடுகிறது என்று நாங்கள் கல்லூரியில் படித்தோம். ஆனால் அப்படி வெளியேறும் நீரில் பெரும்பகுதியைச் சேர்த்தெடுத்து இரத்தத்துக்குத் திருப்புபவை நிணநீர்க் குழாய்களே என்பது இன்றைய புரிதல்.

அம்லோடிபின் நுண்தமனியின் தசையைத் தளர்த்துகிறது. இரத்த அழுத்தம் குறைவது அதனால்தான். ஆனால் நுண்சிரையை அது அந்த அளவுக்கு விரிப்பதில்லை. தலைமதகை அகலத் திறந்துவிட்டுக் கடைமடையை அப்படியே விட்டால் இடையிலுள்ள வயலில் நீர் ஏறுவதுபோல, தந்துகிக்குள் அழுத்தம் கூடி நீர் கசிகிறது. மேலும், நாம் எழுந்து நிற்கும்போது கால்களிலுள்ள நுண்தமனிகள் தாமாகவே சுருங்கித் தந்துகிகளைக் காக்கும். அந்தத் தற்காப்பையும் இம்மருந்து மட்டுப்படுத்துகிறது. நாள் முழுக்க நின்றும், காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தும் இருந்த பின் மாலையில் வீங்குவதும், படுத்து எழுந்தால் வடிவதும் இதனால்தான். வெயில் காலத்தில் இது இன்னும் கூடும். கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பின் மீது கட்டைவிரலால் சில விநாடிகள் அழுத்தி எடுத்தால் விழும் குழி மெல்ல நிரம்புவதை நீங்களே பார்க்கலாம்.

நீர் மாத்திரை மொத்த உடலின் உப்பையும் நீரையும் வெளியேற்றுமே தவிர, அந்த ஒரு குழாயின் அழுத்தத்தைச் சரிசெய்யாது. வீக்கம் பெரிதாகக் குறையாமல், சோடியமும் பொட்டாசியமும் இறங்கித் தலைசுற்றலில் முடிவதை அடிக்கடி பார்க்கிறோம். ஒரு மாத்திரையின் பக்கவிளைவுக்கு இன்னொரு மாத்திரை என்று போவது எனக்கு உடன்பாடில்லை.

அதற்காக அம்லோடிபினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உங்கள் மருத்துவர் அதை மீண்டும் 5 மி.கி. ஆக்கி, டெல்மிசார்டன் போன்ற, நுண்சிரையையும் விரிக்கும் மருந்தைச் சேர்க்கலாம். அல்லது வீக்கம் குறைவாக உண்டாக்கும் சில்னிடிபினுக்கு மாற்றலாம். உடலில் உள்ள அம்லோடிபின் பாதியளவு குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும் என்பதால், மாற்றிய பிறகும் வீக்கம் வடிய ஓரிரு வாரங்கள் பிடிக்கும். அதுவரை காலைத் தலையணை மேல் உயர்த்தி வைப்பதும் நடப்பதும் உதவும்.

ஒரே காலில் மட்டும் வலியோடு வீக்கம், படுத்தால் மூச்சுத்திணறல், காலையில் முகவீக்கம், நுரைத்த சிறுநீர் ஆகியவற்றில் எது வந்தாலும் இந்த விளக்கம் பொருந்தாது. உடனே மருத்துவரைப் பாருங்கள். இல்லையென்றால், ஒரு வாரம் காலையும் மாலையும் வீட்டில் பார்த்த இரத்த அழுத்த அளவுகளைக் குறித்துக்கொண்டு போனால், மருந்தின் அளவை முடிவுசெய்ய அவருக்கு எளிதாக இருக்கும்.