மருமகளோடு பேசக் கையுறை வேண்டுமா?

31 வருஷம் தொலைபேசித் துறையில் கேபிள் இழுத்தவன் நான். ஊரெல்லாம் மணியடிக்க வைத்தேன். எங்கள் வீட்டுக்குள் இருந்த அண்ணனுக்கு மட்டும் அந்த மணியால் ஒரு பிரயோசனமும் இல்லை. பிறவியிலேயே காது கேட்காது. போன இதழில் அவரைப் பற்றி ஒரு வரி எழுதப்போக, அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்துவிட்டன. இந்த முறை அவை மட்டும்.

ஆறு மாதத்துக்கு முன் மகனுக்குக் கல்யாணம் ஆனது. மருமகளுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. பத்தாவது வரை படித்தவள், தமிழ் நன்றாக வாசிப்பாள். மகன் மில்லுக்குப் போய்விட்டால் பகல் முழுக்க நாங்கள் இரண்டு பேர்தான். சைகையைப் பேச்சாக மாற்றும் கையுறை ஒன்றை வீடியோவில் பார்த்தேன். 18 ஆயிரம் என்கிறார்கள். நகையை அடகு வைத்தாவது வாங்கிவிடலாமா?
— ஒரு மாமியார், கோவில்பட்டி

வேண்டாம் அம்மா. நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

கடிதத்தில் ஓரிடத்தில் 'ஊமை' என்று எழுதி, பேனாவால் அழுத்தி அடித்துவிட்டு, மேலே 'பேச்சு வராத' என்று திருத்தியிருக்கிறீர்கள். உங்களுக்கு முதலில் பதில் எழுதக் காரணம் அந்தத் திருத்தம்தான். பெரும்பாலும் இவர்களுக்குக் குரலில் கோளாறு இருக்காது. பேச்சு எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் காதில் விழாததால் பேச்சு வருவதில்லை, அவ்வளவுதான்.

கையுறை விஷயம் பழையது. 2016-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்கள் இரண்டு பேர் இப்படி ஒன்றைச் செய்து 10,000 டாலர் பரிசு வாங்கினார்கள். காது கேளாதவர்களும் மொழியியல்காரர்களும் அதை ஏற்கவில்லை. ஏனென்றால் சைகை மொழி கையில் மட்டும் இல்லை. என் அண்ணன் 'சாப்பிட்டாச்சு' என்பதற்கும் 'சாப்பிட்டாச்சா?' என்பதற்கும் கை ஒரே மாதிரிதான் போகும். புருவம் ஏறினால் கேள்வி. புருவத்துக்கு எந்தக் கையுறையை மாட்டுவது? அதோடு, அவள் சொல்வது உங்களுக்குக் கேட்கும், நீங்கள் சொல்வது அவளுக்கு எப்படிப் போகும்? மாவு பிசைகிற கையைக் கழுவி, துடைத்து, கையுறை மாட்டி, 'உப்பு எங்கே அத்தை' என்று அவள் கேட்க வேண்டும். சிரமம் முழுக்க அவள் தலையில்.

உங்கள் மகன் ஆண்ட்ராய்டு போன்தான் வைத்திருப்பார். அதில் 'லைவ் டிரான்ஸ்கிரைப்' என்ற செயலியைப் போடச் சொல்லுங்கள். கூகுள் 2019-இல் வெளியிட்டது, இலவசம். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டிமிட்ரி கனெவ்ஸ்கி சிறு வயதிலேயே கேட்கும் திறனை இழந்தவர். மொழியில் தமிழைத் தேர்ந்தெடுத்துவிட்டு நீங்கள் பேசினால், பேசப் பேசத் திரையில் தமிழ் எழுத்தாக ஓடும். தமிழுக்கு இணையம் வேண்டும். நெட் போனால் இதுவும் போச்சு. போனை உங்களுக்கு ஒரு முழத்துக்குள் வையுங்கள், மிக்ஸியையும் டிவியையும் நிறுத்துங்கள். இரண்டு பேர் சேர்ந்து பேசினால் குழம்பிவிடும்.

தப்பும் வரும். எங்கள் வீட்டில் ஒரு நாள் என் மனைவி 'புளி கரைச்சாச்சா' என்று கேட்க, திரையில் 'புலி கரைச்சாச்சா' என்று வந்தது. அண்ணன் படித்துவிட்டு, இரண்டு கை நகத்தையும் காட்டி, அடுப்படியை எட்டிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஆகவே மாத்திரை, பணம், தேதி இந்த மூன்றையும் அந்தத் திரையை நம்பி விடாதீர்கள், எழுதிக் காட்டுங்கள். எழுதுவதற்குக் குழந்தைகள் கிறுக்கும் எல்சிடி சிலேட்டு போதும். ஃபேன்சி கடையில் 150, 200 ரூபாய்க்குக் கிடைக்கும், பட்டனை அமுக்கினால் அழிந்துவிடும். எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் ஒன்று, தையல் மெஷின் பக்கத்தில் ஒன்று.

அவள் பக்கத்திலிருந்து உங்களுக்கு வர வேண்டுமென்றால், கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழில் தட்டிவிட்டு ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் வாய்விட்டுப் படிக்கும். குரல் ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி இருக்கும், பரவாயில்லை.

இதெல்லாம் பகலை ஓட்டுவதற்கு. கூடவே தினமும் இரண்டு சைகை அவளிடமே கற்றுக்கொள்ளுங்கள். முதலில், உங்களுக்கு அவள் என்ன பெயர் வைத்திருக்கிறாள் என்று கேளுங்கள். கட்டாயம் ஒன்று வைத்திருப்பாள். எங்கள் அம்மாவுக்கு அண்ணன் வைத்த பெயர் மூக்குத்தி, மூக்கோரம் ஒரு விரல். அப்பாவுக்கு மீசை. எனக்கு நெற்றித் தழும்பு. அது அவர் எறிந்த பம்பரம் பட்டு வந்தது என்பதை வசதியாக மறந்துவிட்டார்.

சைகை மொழி கற்க வகுப்புக்குப் போக வேண்டுமா? உலகம் முழுக்க ஒரே சைகைதானே?
— கல்லூரி மாணவர், திண்டுக்கல்

ஒரே சைகை இல்லை தம்பி. அமெரிக்கச் சைகை வேறு, நம்முடையது வேறு. அவர்கள் ஆங்கில எழுத்துகளை ஒரு கையில் காட்டுவார்கள், நாம் இரண்டு கையிலும். யூடியூபில் கண்டதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு போனால் இங்கே யாருக்கும் புரியாது.

தில்லியில் 2015-இல் தொடங்கிய இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் ஒரு வீடியோ அகராதி வைத்திருக்கிறது. 2018-இல் 3,000 சொற்கள். 2021-இல் 10,000 ஆனது. இலவசமாகப் பார்க்கலாம். 'சைன் லேர்ன்' என்ற செயலியும் உண்டு. விளக்கம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும், கை பேசுவதைப் பார்க்க அது தடையில்லை. நமக்கு ஒரு சௌகரியம்: இந்தியச் சைகையில் கேள்விச் சொல் கடைசியில்தான் வரும். 'உன் பெயர் என்ன' என்று தமிழ் வரிசையிலேயே கை போகும். அகராதியில் பார்த்ததை உங்கள் ஊர்க்காரர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் மாறும் சொற்கள் உண்டு.

நானும் கணவரும் காது கேளாதவர்கள். குழந்தைக்கு நான்கு மாதம். இரவில் அழுதால் தெரிவதில்லை. கதவு தட்டினாலும் தெரிவதில்லை. செலவு குறைவாக என்ன செய்யலாம்?
— வாசகி, நாகர்கோவில்

கதவுக்கு முதலில். நம் வீட்டு காலிங்பெல் பெரும்பாலும் 230 வோல்ட்டில் ஓடுவது. பெல்லுக்குப் போகும் இரண்டு வயரிலிருந்தே இணையாக ஒரு வயர் இழுத்து, ஹாலில் ஒரு எல்இடி பல்பு மாட்டினால், வெளியே பட்டனை அமுக்கும்போதெல்லாம் பல்பு எரியும். அடுப்படியிலும் ஒன்று மாட்டுங்கள். ஹோல்டர், பல்பு, வயர், எலக்ட்ரீஷியன் கூலி எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான். பால்காரரிடம் மட்டும் சொல்லி வைக்க வேண்டும்: ஒரே அமுக்காக அமுக்கிப் பிடிக்காமல் விட்டு விட்டு அமுக்கச் சொல்லுங்கள். மினுக்கினால்தான் கண்ணுக்கு உறைக்கும்.

குழந்தைக்கு, ஆண்ட்ராய்டில் 2020-இல் வந்த ஒலி அறிவிப்பு வசதி இருக்கிறது. லைவ் டிரான்ஸ்கிரைப் இருக்கும் அதே செயலியில் 'சவுண்ட் நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று தேடுங்கள். குழந்தை அழுகை, கதவு தட்டல், நாய் குரைப்பு, தண்ணீர் ஓடும் சத்தம் இவற்றைப் போன் கேட்டு, அதிர்ந்தும் ஃபிளாஷ் அடித்தும் சொல்லும். இதற்கு இணையம் வேண்டாம். அறிவிப்பு வந்தால் மணிக்கட்டில் அதிரும் ஸ்மார்ட் பேண்டு ஒன்றை இதோடு இணைத்துக் கட்டிக்கொண்டு படுங்கள். சாதாரணப் பேண்டு 2,000 ரூபாய்க்குள் கிடைக்கும். வாங்குமுன் கடையிலேயே போனோடு இணைத்து அதிர்கிறதா என்று பாருங்கள்.

போனைத் தொட்டிலுக்கு அருகில், கைக்கு எட்டாத இடத்தில், சார்ஜரிலேயே வைத்திருங்கள். ஆனாலும் இதை முழுதாக நம்பாதீர்கள். குழந்தை சிணுங்கும்போது கேட்காது, வீறிட்டால்தான் கேட்கும். தொட்டில் உங்கள் கட்டிலை ஒட்டி இருக்கட்டும். பக்கவாட்டுக் கம்பியில் காலை வைத்துக்கொண்டால் உதைப்பது தெரிந்துவிடும்.

பக்கவாதத்துக்குப் பின் என் கணவருக்குப் பேச்சு வரவில்லை. காது நன்றாகக் கேட்கிறது. நீங்கள் சொல்லும் செயலிகள் உதவுமா?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, தஞ்சாவூர்

இவருடைய சிக்கல் வேறு, டீச்சர். பேச்சை எழுத்தாக்குவது காது கேளாதவருக்கு உதவும், இவருக்குக் காதுதான் நன்றாக இருக்கிறதே. பக்கவாதத்தில் பல பேருக்குச் சொல்லே நழுவிப்போகும். அப்போது எழுதவும் வராது. படம் உதவும். தண்ணீர், கழிப்பறை, வலி, காபி, ஃபேன், 'ஆம்', 'இல்லை' என்று ஓர் அட்டையில் படம் ஒட்டி லேமினேட் செய்யுங்கள், விரலை வைத்துக் காட்டட்டும். பேத்தியின் புகைப்படத்தையும் ஒட்டுங்கள், அவளைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

அது பழகியபின் 'ஆவாஸ்' செயலியைப் பாருங்கள். சென்னையில் அஜித் நாராயணன் தொடங்கிய நிறுவனத்தின் படைப்பு. படத்தைத் தொட்டால் பேசும், தமிழும் பேசும். குழந்தைகளை மனத்தில் வைத்துச் செய்தது. அதனால் அட்டையில் ஆரம்பித்துப் பழகுவதே நல்லது. பேச்சுப் பயிற்சியாளரைத் தள்ளிப்போட வேண்டாம்.

காது கேளாதவனுக்கு எதற்குச் செல்போன் என்கிறார் என் மாமனார். என்ன சொல்ல?
— வாசகர், ஈரோடு

டெலிபோனுக்குக் காப்புரிமை வாங்கிய கிரகாம் பெல்லின் அம்மாவுக்கும் மனைவிக்கும் காது கேட்காது என்று சொல்லுங்கள். அப்புறம் வாட்ஸாப் வீடியோ காலைக் காட்டுங்கள். அது 2016 கடைசியில் வந்தபோது தையல்காரரான அண்ணன் நூல்கண்டு கூம்பில் போனைச் சாய்த்து வைத்து, பள்ளித் தோழர்களுடன் இரவு பன்னிரண்டு வரை கை பேசினார். மறுநாள் தைத்த சட்டையில் காலர் கோணல்.

மாறாதவர்களும் உண்டு. ஒரு வங்கியின் வாடிக்கையாளர் சேவைக்கு அண்ணனுக்காக நான் பேசினேன். 'கணக்கு வைத்திருப்பவர்தான் பேச வேண்டும், விதி' என்றார் அந்தப் பெண். அவருக்குப் பேச்சு வராது என்றேன். 'அதை அவரையே சொல்லச் சொல்லுங்கள் சார்' என்றார்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் காதொலிக் கருவிக்கும், தகுந்த செயலியோடு வரும் திறன்பேசிக்கும் விண்ணப்பிக்கலாம். கருவி இலவசம். தகுதி விதிகளை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் இருப்பதிலேயே விலை குறைந்த கருவி எது?
— வாசகர், காரைக்குடி

டார்ச்சு லைட். கரண்ட் போனால் சைகைப் பேச்சும் நின்றுவிடும் அல்லவா? இன்வெர்ட்டர் வாங்காத நாட்களில் நான் டார்ச்சை அண்ணன் கைமேல் அடிப்பேன், அவர் பேசுவார். பிறகு என் கைமேல் திருப்புவேன். நான் வீட்டில் இல்லாவிட்டால் அவரே ஒரு கையில் பிடித்து மறு கைமேல் அடித்துக்கொள்வார். மிச்சம் ஒரு கைதானே, பாதிப் பேச்சுதான் வரும். மீதியை அம்மா ஊகித்துக்கொள்வார். பெரும்பாலும் தனக்குச் சாதகமாக.