துலிப் படங்களும் பறிக்காத மல்லியும்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

நான் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள்; அம்பாசமுத்திரத்தில் வசிக்கிறேன். பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஐந்து பேர் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே வாழ்க்கைப்பட்டதால், வெள்ளிக்கிழமை மாலைகளில் என் வீட்டுத் தோட்டத்தில் கூடிப் பேசுவதை வழக்கமாக வைத்திருக்கிறோம். பங்குனியில் என் தோட்டம் பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். வேம்பு பூத்து உதிர்ந்து தரை வெளுத்துக் கிடக்கும். மாமரத்தில் வடு பிடித்திருக்கும். மல்லி அரும்பு கட்டியிருக்கும். வருகிறவர்களுக்குச் சுக்குக் காபி போடுவதும், கேட்ட செடிக்குக் கம்பு ஒடித்துக் கொடுப்பதும் நான்தான். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

இந்த ஆண்டு என் மகளும் மருமகனும் என்னைக் காஷ்மீருக்கு அழைத்துச் சென்றார்கள். ஸ்ரீநகரில் தால் ஏரிக்கு அருகே, சபர்வான் மலையடிவாரத்தில், ஒரு துலிப் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 30 ஹெக்டேர் நிலத்தில், அடுக்கடுக்காக, நிறம் பிரித்துப் பாத்தி கட்டியிருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கிழங்கை ஊன்றிவிடுவார்களாம். மண்ணுக்குள் கிடந்து குளிர்காலத்தைக் கடந்தால்தான் பங்குனியில் பூக்குமாம். ஆண்டில் ஏறக்குறைய ஒரு மாதம்தான் திறந்திருக்கும். அதைக் கண்ணால் கண்டு வந்தவள் யாரிடமும் சொல்லாமல் எப்படி இருப்பாள்?

ஆனால் கேட்க ஆளில்லை. படத்தைக் காட்டினால், ஒருத்தி “ஊட்டியில் பார்க்காததா?” என்கிறாள். இன்னொருத்தி முட்டுவலியைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறாள். மூன்றாமவள், “ஏட்டி, படமெல்லாம் பாத்தாச்சு, அந்த ரோசாக்கம்பு ஒண்ணு ஒடிச்சுத் தா” என்று எழுந்து போகிறாள். இதே பெண் காசிக்குப் போய் வந்தபோது, படித்துறை படித்துறையாக அவள் சொன்னதையெல்லாம் வாரக்கணக்கில் பொறுமையாகக் கேட்டவள் நான். வாட்ஸ்அப் குழுவில் எத்தனையோ படங்கள் போட்டேன். ஒரு கட்டைவிரல், அவ்வளவுதான். இது பொறாமையல்லாமல் வேறென்ன?

நான்காமவள் வருவதே இல்லை. விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள். அவள் கணவருக்கு ஐப்பசியில் பக்கவாதம் வந்துவிட்டது, அதனால் இருக்கலாம். தால் ஏரிப் படம் போட்ட காலண்டர் தாளை எங்கள் அறைச் சுவரில் ஒட்டிவைத்து, போனால் இருவரும் சேர்ந்துதான் போக வேண்டும் என்று பேசிக்கொண்டதுண்டு. படிக்கிற வயதுப் பேச்சு. முன்கூட்டிச் சொன்னால் மனம் வருந்துவாளே என்று திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்துதான் அவளுக்குச் செய்தி அனுப்பினேன். என் மல்லிக்குக் கார்த்திகையில் கிளை வெட்டிக் கவாத்து செய்வதும், பங்குனியில் அரும்பு பறிப்பதும் எப்போதும் அவள்தான். இந்த முறையும் கவாத்து செய்துவிட்டுப் போனாள், பறிக்கத்தான் வரவில்லை. பூவெல்லாம் செடியிலேயே விரிந்து வாடி உதிர்கிறது. அது கிடக்கட்டும்.

நான் கேட்பது இதுதான். என் காபி வேண்டும், என் செடி வேண்டும், என் சந்தோஷம் மட்டும் வேண்டாம் என்பவர்களோடு எப்படி நட்புப் பாராட்டுவது? இவ்வளவு பொறாமை பிடித்தவர்களுக்காக வெள்ளிக்கிழமைக் கூட்டத்தைத் தொடர வேண்டுமா, நிறுத்திவிடலாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

ஊட்டி, முட்டுவலி, ரோஜாக்கம்பு ஆகியவை குறித்து நான் எதுவும் சொல்லப்போவதில்லை. நெடுங்காலத் தோழியர் கூடுமிடத்தில் ஒருவர் பேச்சை மற்றவர் வெட்டுவது வழக்கம்தான். அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. ‘அது கிடக்கட்டும்’ என்று சொல்லித் தாண்டிப் போனீர்களே, அந்த இடத்தைத் தாண்ட என்னால் முடியவில்லை. பறிக்க ஆளின்றி மல்லி உதிர்வதை நீங்கள் ஒவ்வொரு மாலையும் பார்க்கிறீர்கள். நீங்களே பறித்திருக்கலாம், பறிக்கவில்லை. உங்கள் கடிதத்தில் எனக்கு மிக உண்மையாகத் தெரிந்த வரி அதுதான்.

நீங்கள் காஷ்மீருக்குப் போனதில் தவறேதும் இல்லை. மகள் அழைத்தாள், போனீர்கள். தோழியின் கணவர் படுத்துவிட்டார் என்பதற்காக நீங்களும் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அந்தத் தோழியே சொல்லியிருக்கமாட்டார். ஆனால் அவர் வருந்துவார் என்பதால் சொல்லவில்லை என்கிறீர்களே, அதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. செய்தி விமான நிலையத்திலிருந்து போனாலும் அவர் வருந்தத்தான் போகிறார். அந்த வருத்தத்தை எதிரே இருந்து பார்க்கும் சங்கடத்திலிருந்து நீங்கள்தான் தப்பித்துக்கொண்டீர்கள். முன்பே சொல்லியிருந்தால் ஒருவேளை அவர் கண் கலங்கியிருப்பார். பிறகு, குளிருக்கு என்ன எடுத்துப் போகிறாய் என்று கேட்டிருப்பார். எனக்கும் சேர்த்துப் பார்த்துவிட்டு வா என்று வழியனுப்பியிருப்பார். அதற்கு அவருக்கு வாய்ப்பே இல்லாமல் போய்விட்டது.

நோயாளி இருக்கும் வீட்டில் பணிவிடையைவிடக் கொடுமையான ஒன்று உண்டு. சுற்றியிருப்பவர்கள் நல்ல செய்திகளை அந்த வீட்டுக்குச் சொல்வதை ஒவ்வொருவராக நிறுத்திவிடுவார்கள். இவளுக்கு எதற்கு இதெல்லாம் என்கிற இரக்கம்தான் காரணம்; ஆனால் அந்த இரக்கமே ஒரு பெண்ணை நோயாளியின் மனைவியாக மட்டும் சுருக்கி மூலையில் உட்கார வைத்துவிடுகிறது. உங்கள் தோழி அப்படி உட்காராதவர் என்பதற்கு உங்கள் தோட்டமே சாட்சி. கணவர் விழுந்த அடுத்த மாதமே உங்கள் வீட்டுக்கு வந்து கவாத்து செய்திருக்கிறார். ஸ்ரீநகர்த் தோட்டக்காரர்கள் கிழங்கு ஊன்றும் அதே கார்த்திகையில், அவ்வளவு துயரத்துக்கு நடுவிலும், உங்கள் பங்குனிப் பூவுக்காக ஒருவர் மெனக்கெட்டிருக்கிறார். அவரைத்தான் நீங்கள் கடைசி நேரச் செய்தி ஒன்றில் சமாளித்தீர்கள்.

ஒரு மகிழ்ச்சியைப் பிறரிடம் சொல்லும்போது அது நமக்குள் இன்னொரு முறை நிகழ்கிறது. அதனால்தான் கேட்பவர் முகம் மலர வேண்டும் என்று ஏங்குகிறோம். இந்த ஏக்கம் இயல்பானது. ஆனால் உங்கள் மகிழ்ச்சியில் ஓர் உறுத்தல் கலந்திருக்கிறது. நீ போனது சரிதான் என்று யாராவது சொன்னால் அது அடங்கிவிடும் என்று எண்ணி, மீண்டும் மீண்டும் படங்களைக் காட்டுகிறீர்கள். அந்த வார்த்தையைச் சொல்லக்கூடியவர் ஒருவர்தான், அவர் அங்கே இல்லை. மற்ற மூவரும் எவ்வளவு வியந்து பாராட்டினாலும் உங்களுக்குப் போதாது.

அந்த மூவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் குழுவில் போடும் ஒவ்வொரு படமும் அந்த வீட்டுக்கும்தானே போய்ச் சேர்கிறது? தால் ஏரியைப் பற்றி நீங்கள் இருவரும் பேசிவைத்தது அவர்களுக்குத் தெரிந்திருந்தால், படத்துக்குக் கீழே என்ன எழுதுவார்கள்? நீங்கள் பொறாமை என்று படித்தது, இரு தோழியருக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களின் சங்கடமாகவும் இருக்கலாம். உறுதியாகச் சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் கேட்டுப் பார்க்காமலே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள் என்பது மட்டும் தெரிகிறது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை நிறுத்தாதீர்கள்.

முதலில் உங்கள் அறைத்தோழியின் வீட்டுக்குப் போங்கள். பிற்பகல் மூன்று மணிக்கு அரும்பைப் பறித்து, தொடுக்காமல், அப்படியே ஒரு இலையில் எடுத்துச் செல்லுங்கள். கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அவர் கணவரிடம் நலம் விசாரித்த பிறகு, “உன்னிடம் சொல்லாமல் போனேன்” என்பதை மட்டும் சொல்லுங்கள். காரணங்களை அடுக்க வேண்டாம். அவர் கோபப்பட்டால் மறுத்துப் பேசாதீர்கள், பேசாமலிருந்தாலும் எழுந்து வந்துவிடாதீர்கள். காஷ்மீரைப் பற்றி அவராகக் கேட்டால் அன்றைக்குச் சொல்லுங்கள்; கேட்காவிட்டால் இன்னொரு நாள் ஆகட்டும்.

வாரத்தில் ஒரு மாலை இரண்டு மணி நேரம் அவர் கணவருக்குத் துணையாக நீங்கள் இருப்பதாகவும் சொல்லிப் பாருங்கள். அந்த நேரத்தில் அவர் ஆற்றங்கரைக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம், பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம். எங்கே போகிறாய் என்று மட்டும் கேட்காதீர்கள்.