எழுத்தில் விளக்கச் சொல் சேர்த்தல்: கேள்வி பதில்

கேள்வி: சுருக்கமாக எழுதுவதுதானே நல்ல நடை? விளக்கச் சொற்களைச் சேர்த்தால் நடை தளர்ந்துவிடாதா?

பதில்: நூலுக்குரிய பத்துக் குற்றங்களைச் சொல்லும் நன்னூல், குன்றக் கூறலை, அதாவது வேண்டியதைவிடக் குறைத்துச் சொல்வதை முதலிலும், மிகைபடக் கூறலை, அதாவது வேண்டியதற்கு மேல் சொல்வதை அதற்கு அடுத்தும் வைக்கிறது. சுருக்கம் என்ற பெயரில் பொருளுக்கு வேண்டிய சொல்லை விடுவதும் குற்றமே. படிப்பவர் இரு வகையாகப் பொருள்கொள்ள இடமிருந்தால் சேருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: இந்த மயக்கம் எங்கே மிகுதியாக வருகிறது?

பதில்: தலைப்புகளிலும் அறிவிப்புகளிலும் வரும் தொகைகளில், அதாவது சொற்கள் சுருங்கி இணைந்து நிற்கும் தொடர்களில்தான். ‘ஆசிரியர் தேர்வு’ என்று எழுதினால், ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதா, ஆசிரியர்கள் எழுதும் தேர்வா, ஆசிரியர் நடத்தும் தேர்வா என்று படிப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஐ, ஆல், கு போன்ற வேற்றுமை உருபு மறைந்து நிற்பதே காரணம். தொகையில் இவ்வாறு இரண்டு முதல் ஏழு பொருள்வரை மயங்கும் என்று நன்னூலே எல்லை வகுத்திருக்கிறது. ‘ஆசிரியர்களுக்கான தேர்வு’ என்று உருபை விரித்தாலே பெரும்பாலும் தெளிவு கிடைத்துவிடும். ‘பொற்குடம்’ என்பதிலும் உருபு மறைந்துதான் இருக்கிறது; ஆனால் அதைப் ‘பொன்னால் ஆகிய குடம்’ என்று விரிக்க வேண்டியதில்லை, ஏனெனில் அங்கே தவறாகப் புரிந்துகொள்ள வழியே இல்லை.

கேள்வி: ‘மாறன் இளங்கோவிடம் அவருடைய கடிதத்தைக் கொடுத்தார்’ என்று எழுதியிருக்கிறேன். கடிதம் யாருடையது என்று அடைப்புக்குறிக்குள் காட்டலாமா?

பதில்: வேண்டாம். மாறனுடையது என்றால் ‘தம்முடைய கடிதத்தை’ என்றாலே ஐயம் தீரும். இளங்கோவுடையது என்றால் ‘மாறன், இளங்கோவின் கடிதத்தை அவரிடமே கொடுத்தார்’ என்று மாற்றுங்கள். சொந்த வாக்கியத்தில் அடைப்புக்குறியை நாடுவதற்கு முன் வாக்கியத்தைத் திருத்திப் பார்ப்பதே முறை.

கேள்வி: பிறர் எழுதியதை மேற்கோள் காட்டும்போது, விடுபட்ட சொல்லை நானே சேர்க்கலாமா?

பதில்: சேர்க்கலாம், ஆனால் அது உங்கள் சொல் என்பது தெரிந்தாக வேண்டும். அதற்கென்றே சதுர அடைப்புக்குறி இருக்கிறது. வளைந்த அடைப்புக்குறியைப் போட்டால் மூல ஆசிரியரே அப்படி எழுதினார் என்று படிப்பவர் எண்ணக்கூடும். குறளில் இல்லாத சொல்லை வருவிக்கும்போது அதன் உரையாசிரியர் பரிமேலழகர் பல இடங்களில் ‘அவாய்நிலையான் வந்தது’, அதாவது பொருள் நிறைவுக்கு வேண்டியிருப்பதால் வந்தது என்று குறித்துச் செல்வதால், பாட்டில் உள்ளது எது, உரையில் வந்தது எது என்று இன்றும் நம்மால் பிரித்தறிய முடிகிறது. இந்த நேர்மையை நாம் கைவிடக் கூடாது. ‘திட்டம் கைவிடப்பட்டது’ என்று ஒருவர் எழுதியதை ‘திட்டம் [தற்காலிகமாகக்] கைவிடப்பட்டது’ என்று காட்டினால், எந்த அடைப்புக்குறி போட்டாலும் அது விளக்கமன்று, திரிபு.

கேள்வி: கலைச்சொல் வரும்போதெல்லாம் விளக்கம் தர வேண்டுமா?

பதில்: முதலில் வரும் இடத்தில் மட்டும் போதும். பல பக்கங்கள் கழித்து அதே சொல் மீண்டும் வந்தால், ஓரிரு சொற்களில் நினைவூட்டலாம்.